ஆஸ்திரேலிய வேலைக்குப் போகும் முன்: மருத்துவக் காப்பீடு குறித்து ஒரு கேள்வி

கேள்வி: ஓசூரில் உள்ள ஒரு தொழிற்சாலையில் ஒன்பது ஆண்டுகளாக ஃபிட்டராக வேலை பார்க்கிறேன். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து நிறுவனம் ஒன்று 482 என்ற தற்காலிக வேலை விசாவுக்கு என்னை ஸ்பான்சர் செய்ய முன்வந்திருக்கிறது. மனைவிக்கு இது மூன்றாம் மாதம். எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. விசாவுக்கு மருத்துவக் காப்பீட்டுக் கடிதம் வேண்டுமாம். "இருப்பதிலேயே விலை குறைந்த பாலிசியை எடுத்துக் கடிதத்தைக் கொடுங்கள், விசா கைக்கு வந்ததும் நிறுத்திவிடலாம்" என்கிறார் ஏஜென்ட். இங்கே எங்கள் குடும்பத்துக்கு ஐந்து லட்ச ரூபாய்க்கு ஒரு பாலிசி இருக்கிறது. அது போதாதா?

பதில்: போதாது. நம் ஊர்க் குடும்ப பாலிசிகள் பெரும்பாலும் இந்தியாவுக்குள் எடுத்துக்கொள்ளும் சிகிச்சைக்கு மட்டுமே பணம் தருபவை. ஆஸ்திரேலிய அரசின் பொது மருத்துவக் காப்பீடான மெடிகேர் திட்டமும் உங்களுக்குக் கை கொடுக்காது. பிரிட்டன், நியூசிலாந்து, அயர்லாந்து, இத்தாலி உள்ளிட்ட 11 நாடுகளோடு, அந்நாட்டவர் மெடிகேரைப் பயன்படுத்த வழிசெய்யும் மருத்துவ ஒப்பந்தத்தை ஆஸ்திரேலியா செய்துகொண்டிருக்கிறது; அந்தப் பட்டியலில் இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை. ஆகவே அங்கே தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கென்று விற்கப்படும் காப்பீட்டைத்தான் நீங்கள் எடுத்தாக வேண்டும்.

ஏஜென்ட் சொன்ன யோசனையை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். உங்கள் விசாவோடு 8501 என்ற எண்ணுள்ள நிபந்தனை ஒன்று வரும். ஆஸ்திரேலியாவில் தங்கியிருக்கும் காலம் முழுவதும் போதுமான மருத்துவக் காப்பீடு உங்களிடம் இருக்க வேண்டும் என்கிறது அது. உடன் வரும் மனைவி, பிள்ளைகளின் விசாவுக்கும் அதே நிபந்தனை உண்டு. அதை மீறினால் விசாவை ரத்து செய்ய அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. மாதப் பிரீமியத்தை மிச்சம் பிடிக்கப் போய், நான்கு ஆண்டுவரை நீடிக்கக்கூடிய ஒரு வேலையைப் பணயம் வைக்க வேண்டுமா? விசாவைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. நீங்கள் இரும்போடும் இயந்திரத்தோடும் வேலை செய்கிறவர். காப்பீடில்லாத ஒருவர் அங்கே மருத்துவமனையில் ஒரு வாரம் படுத்து எழுந்தால், அந்தப் பில்லை அடைக்க ஊரில் இருக்கும் மனையை விற்க வேண்டியிருக்கும்.

"போதுமான" காப்பீடு என்பதற்குக் குறைந்தபட்ச அளவு ஒன்று உண்டு. பொது மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்தால் ஆகும் செலவு, அங்கே மருத்துவர் கட்டணத்தில் அரசு நிர்ணயித்த தொகை, ஆம்புலன்ஸ் ஆகியவை அதில் அடங்க வேண்டும். ஒருவருக்கு ஆண்டுக்கு 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்குக் குறையாத வரம்பும் இருக்க வேண்டும். கடிதத்துக்காக விற்கப்படும் மலிவு பாலிசிகள் இந்த அளவோடு நின்றுவிடும். காய்ச்சலுக்குக் குடும்ப மருத்துவரைப் பார்ப்பது, ரத்தப் பரிசோதனை, மாத்திரை எல்லாம் உங்கள் கைக்காசுதான். மாதாமாதம் சர்க்கரைக்கு மாத்திரை வாங்குகிற உங்களுக்கு, மருத்துவரைப் பார்க்கும் செலவையும் தரக்கூடிய நடுத்தர பாலிசியே பொருந்தும். முன்பே இருக்கும் நோய்களுக்கு 12 மாதம் காத்திருப்புக் காலம் விதிக்கலாம்; அதுவரை அந்த நோய்க்குப் பணம் கிடைக்காது. ஆனாலும் சர்க்கரையை மறைக்காமல் விண்ணப்பத்தில் எழுதுங்கள். மருந்துச் சீட்டோடு மூன்று மாதத்துக்கான மாத்திரையைக் கையோடு கொண்டுபோக அனுமதி உண்டு.

இனி உங்கள் மனைவியைப் பற்றி. கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் சொல்லிக் கடந்த விஷயம் இதுதான். நான் இரண்டு முறை படித்ததும் அந்த வரியைத்தான். எந்த பாலிசியின் கையேட்டையும் திறந்து, பலன்கள் அட்டவணையில் "மகப்பேறு" என்ற வரியைத் தேடுங்கள். மலிவு பாலிசிகளில் பல நேரம் அங்கே ஒரு பெருக்கல் குறிதான் இருக்கும். டிக் குறி இருந்தாலும் பக்கத்தில் சின்ன எழுத்தில் "12 மாதம்" என்று போட்டிருக்கும். பாலிசி தொடங்கி 12 மாதம் கழிந்த பிறகு நடக்கும் பிரசவத்துக்குத்தான் பணம் கிடைக்கும் என்பது அதன் பொருள். உங்கள் மனைவிக்கு இன்னும் ஆறு மாதத்தில் பிரசவம். இன்றைக்கே எவ்வளவு உயர்ந்த பாலிசியை எடுத்தாலும் இந்தப் பிரசவம் அதற்குள் வராது. சுகப்பிரசவத்துக்கே பல ஆயிரம் டாலர் ஆகும். அறுவை சிகிச்சையோ, குழந்தைக்குத் தீவிர சிகிச்சையோ தேவைப்பட்டால் செலவு நாளுக்கு நாள் ஏறும்.

விசா மருத்துவப் பரிசோதனையில் மார்பு எக்ஸ்ரேயும் உண்டு. கர்ப்பிணிகள் அதைப் பிரசவத்துக்குப் பிறகு எடுத்துக்கொள்வதே நல்லது என்பதால், மனைவியை உங்கள் விண்ணப்பத்திலேயே சேர்த்தால் எல்லாருடைய விசாவும் தாமதமாகலாம். என் யோசனை, நீங்கள் முதலில் தனியாகப் போங்கள். அவர் தாய்வீட்டில் பிரசவம் முடித்து, பின்னர் உங்கள் குடும்ப உறுப்பினராகக் குழந்தையோடு விண்ணப்பித்து வரட்டும். பிள்ளையின் முகத்தை முதல் நாளில் பார்க்க முடியாது என்பது சிறிய இழப்பல்ல என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உங்கள் நிலையில் என் வீட்டார் இருந்தால் அவர்களிடமும் இதையேதான் சொல்வேன்.

பிரீமியத்தை நிறுவனமே கட்டும் என்று சொன்னால் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளுங்கள்; ஆனால் அது அவர்களுடைய சட்டக் கடமையல்ல, பொறுப்பு விசா வைத்திருப்பவருடையது. நிறுவனத்தின் குழுக் காப்பீடு வேலையோடு சேர்ந்து முடிந்துபோகலாம். வேலை போனால் புதிய ஸ்பான்சரைத் தேட ஒரே தொடர்ச்சியாக 180 நாள்வரை அவகாசம் இருக்கிறது. அந்த நாட்களிலும் 8501 நிபந்தனை உங்கள்மேல் இருக்கும். எனவே வேலையை விட்ட அன்றே சொந்தப் பெயரில் பாலிசி எடுங்கள். பழைய காப்பீட்டுச் சான்றிதழைக் கேட்டு வாங்கிக் கொடுத்தால், அதுவரை கழிந்த காத்திருப்புக் காலத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்களா என்று புதிய காப்பீட்டு நிறுவனத்திடம் விசாரியுங்கள்.

அங்கே வருமான வரியோடு 2 சதவீத மெடிகேர் வரியும் உண்டு. ஆண்டுக்கு 80,000 டாலர் வருமானம் என்றால் அது 1,600 டாலர். மெடிகேர் உரிமை இல்லாதவர்கள் இதைக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் விலக்கு தானாகக் கிடைக்காது. ஜூன் 30-இல் நிதியாண்டு முடிந்ததும், உங்களுக்கு அந்த உரிமை இல்லை என்று காட்டும் சான்றை அரசின் சர்வீசஸ் ஆஸ்திரேலியா அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பெற்று, வரிக் கணக்கில் காட்ட வேண்டும். இதை ஒவ்வோர் ஆண்டும் செய்ய வேண்டும்.

பாலிசியை இங்கிருந்தே இணையத்தில் வாங்கலாம். பெர்த்தில் இறங்கும் நாளைத் தொடக்க நாளாகக் குறியுங்கள். வாங்கும் முன், சர்க்கரைக்கு எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும், மருத்துவரைப் பார்த்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், மனைவியும் குழந்தையும் பின்னால் வந்து சேரும்போது அவர்களுக்குக் காத்திருப்புக் காலம் எப்படிக் கணக்கிடப்படும் என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் கேளுங்கள். எழுத்தில் வரும் பதிலைப் பாஸ்போர்ட் நகலோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.