சூரிய மின் பேனலில் சிலிக்கன் மீது இன்னொரு குறைகடத்தியை அடுக்கினால் மின்சாரம் இரட்டிப்பாகுமா?

ஆகாது. உங்களிடம் யாரோ 'இரட்டை அடுக்கு' பேனலுக்கு விலை சொல்லியிருக்கிறார்கள் என்று ஊகிக்கிறேன். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள்.

ஆந்திர எல்லையை ஒட்டிய ஆரம்பாக்கத்தில் வசிக்கிறேன். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏறுவது எங்கள் மொட்டை மாடியிலிருந்தே தெரியும். "செயற்கைக்கோளில் இருக்கும் அதே அடுக்குதான் சார், உங்கள் கூரைக்கும் வருகிறது" என்று விற்பனையாளர் கூறியதும் நம்பிவிட்டேன். பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவருக்கு இது தெரியாதா என்று சிலர் கேட்கக்கூடும். அடுக்கின் தத்துவம் எனக்குத் தெரியும். விற்ற பொருளில் அது இல்லை என்பதுதான் தெரியாமல் போயிற்று. மின்கட்டணம் எதிர்பார்த்த அளவு குறையாததால் பேனலின் பின்புறம் ஒட்டியிருந்த விவரச்சீட்டைப் படித்தேன். அது இருபுறமும் ஒளி வாங்கும் சாதாரண சிலிக்கன். அந்த வகை பேனல் மோசமானதன்று; வெள்ளைத் தளத்தின் மேல் உயர்த்தி நிறுத்தினால் பின்புறமும் சற்று ஈட்டித் தரும். எனக்கோ தகரக் கூரையோடு ஒட்டிப் பொருத்திச் சென்றிருந்தார்கள்.

உண்மையான அடுக்கு வேறு. சிலிக்கனின் ஆற்றல் இடைவெளி, அதாவது அதில் ஓர் எலக்ட்ரானை விடுவிக்க ஒளி தரவேண்டிய குறைந்தபட்ச ஆற்றல், 1.12 எலக்ட்ரான் வோல்ட். நீல ஒளியின் ஃபோட்டான் (ஒளித்துகள்) அதைப் போல் இரு மடங்குக்கு மேல் ஆற்றல் கொண்டுவந்தாலும், மிகுதி வெப்பமாகவே வீணாகிறது. ஏறத்தாழ 1.7 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளியுள்ள பெரோவ்ஸ்கைட் என்ற குறைகடத்தியை மேலே வைத்தால், அது நீலத்தையும் பச்சையையும் உயர் மின்னழுத்தத்தில் அறுவடை செய்து, அகச்சிவப்பைச் சிலிக்கனுக்குக் கீழே விடுகிறது. இரண்டும் தொடரிணைப்பில் இருப்பதால் மின்னழுத்தங்கள் கூடும்; ஆனால் குறைவாக மின்னோட்டம் தரும் அடுக்கே மொத்த மின்னோட்டத்தையும் கட்டுப்படுத்தும்.

சூரிய ஒளியை மின்சாரமாக்குவதில் தனிச் சிலிக்கனின் கோட்பாட்டு உச்சம் ஏறத்தாழ 29 விழுக்காடு. பெரோவ்ஸ்கைட் அடுக்கிய சிறு மின்கலம் 2024-இல் ஆய்வகத்தில் 34.6 விழுக்காட்டை எட்டியது. பெரிய முன்னேற்றம்தான், ஆயினும் இரட்டிப்பு அன்று. செயற்கைக்கோள்களில் பயன்படும் கேலியம் ஆர்சனைடு சார்ந்த மூவடுக்குக் கலங்கள் வீட்டுக் கூரைக்குக் கட்டுப்படியாகாத விலை கொண்டவை. பெரோவ்ஸ்கைட்டோ ஈரத்திலும் வெப்பத்திலும் சிதைவது. பழவேற்காட்டு ஏரியின் உப்புக்காற்று வீசும் எங்கள் ஊரில் அது இருபத்தைந்து ஆண்டுகள் தாங்கும் என்று எவராவது உறுதி சொன்னால் நான் ஏற்க மாட்டேன்.

ஆகவே காத்திருக்காமல் நல்ல சிலிக்கன் பேனலையே வாங்குங்கள். 'இரட்டை அடுக்கு' என்று மீண்டும் சொன்னால், சிலிக்கனுக்கு மேலே இருக்கும் பொருளின் பெயரை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்.