ஐந்து மாத லாப்ரடார் குட்டிக்கு எந்த விளையாட்டுப் பொருள்களை வாங்கலாம்?

உங்கள் குட்டிக்கு ஐந்து மாதம் ஆகிறது, பகலில் நான்கைந்து மணி நேரம் தனியாக இருக்கிறது, வாங்கிக் கொடுத்த பஞ்சுப் பொம்மைகளை அன்றன்றே குதறி முடித்துவிட்டுச் சோபாவின் கைப்பிடிக்குப் போய்விடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எதை வாங்கினால் நீண்ட நாள் தாங்கும் என்று கேட்கிறீர்கள். நான் மதுரையில் பன்னிரண்டு ஆண்டுகளாக நாய் வளர்த்து வருகிறேன். இப்போது வீட்டில் பிரௌனி என்ற ஏழு வயது லாப்ரடாரும் வேங்கை என்ற நான்கு வயது சிப்பிப்பாறையும் இருக்கின்றன. நான் கால்நடை மருத்துவன் அல்லன். தவறான பொம்மையைத் தவறான முறையில் கொடுத்து அறுவை சிகிச்சை அறை வரை போய்வந்தவன் என்ற ஒரே தகுதியில் சொல்கிறேன்: நீண்ட நாள் தாங்குமா என்பதை முதல் கேள்வியாக வைத்துக்கொள்ளாதீர்கள். எதனாலும் உடையாத பொருள் பல நேரங்களில் பல்லை உடைக்கும் பொருளாக இருக்கும்.

முதலில் குட்டியின் வாயைத் திறந்து பாருங்கள். நாய்க்குட்டிக்கு 28 பால் பற்கள் உண்டு. அவை விழுந்து 42 நிலையான பற்கள் முளைக்க வேண்டும். இந்த மாற்றம் ஏறத்தாழ மூன்றரை மாதத்தில் தொடங்கி ஏழு மாதம் வரை நீடிக்கிறது; அதன் நட்ட நடுவில் உங்கள் குட்டி இருக்கிறது. ஈறு தினவெடுக்கும்போது கையில் கிடைப்பதைக் கடிக்கும் கைக்குழந்தையிடம் நாம் கோபித்துக்கொள்வதில்லை. சோபாவின் கைப்பிடியையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு மூன்று மாதங்களுக்கு அதற்குத் தேவைப்படுவது மென்மையாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும் பொருள்தான். குட்டிகளுக்கென்றே செய்யப்படும் மெல்லிய ரப்பர்ப் பொம்மையைக் குளிர்பதனப் பெட்டியில் சிறிது நேரம் வைத்துக் கொடுக்கலாம். பழைய பருத்தித் துண்டு ஒன்றை நனைத்து முறுக்கி, உறைய வைத்து, ஒரு முனையை நீங்கள் பிடித்துக்கொண்டு மறுமுனையைக் கடிக்கக் கொடுத்தால், பத்து நிமிடங்களில் குட்டி அமைதியாகிப் படுத்துவிடும். துணி இளகத் தொடங்கியதும் வாங்கி வைத்துவிட வேண்டும்.

கடினத்தைச் சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. பொருளின் மேல் கட்டைவிரல் நகத்தை அழுத்துங்கள். சிறு பள்ளமாவது விழ வேண்டும். விழாவிட்டால் அது நாயின் பல்லுக்கு ஏற்றதன்று. மாட்டுக் குளம்பு, மான் கொம்பு, கார்க் பந்து ஆகிய எதுவும் இந்தச் சோதனையில் தேறாது. நேபாளப் பகுதியிலிருந்து வரும், பாலைக் காய்ச்சி உலர்த்திச் செய்யும் சுர்பிக் கட்டியும் தேறாது. அது இயற்கையானது என்பது உண்மைதான், ஆனால் கருங்கல்லும் இயற்கையானதுதானே! இப்படிப்பட்டவற்றை நாய் கடைவாயில் வைத்து நெரிக்கும்போது பெரும்பாலும் முறிவது மேல்தாடையின் பெரிய முன்கடைவாய்ப்பல். பல்லின் வெளிப்புறம் சில்லாகப் பெயர்ந்து உள்ளே இருக்கும் நரம்பு திறந்துகொள்ளும். நாய் வலியைக் காட்டிக்கொள்ளாமல் ஒரு பக்கமாகவே மென்று கொண்டிருக்கும். கன்னம் வீங்கிய பிறகுதான் நமக்குத் தெரியவரும். ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் வெந்த ஆட்டெலும்பையும் கோழி எலும்பையும் போடுவது நம் வீடுகளில் வழக்கம். வெந்த எலும்பு கூர்மையான சிம்புகளாகப் பிளந்து தொண்டையையும் குடலையும் குத்தும் என்பதால் அதையும் விட்டுவிடுங்கள். வெள்ளையாக முடிச்சுப் போட்டு விற்கப்படும் தோல் எலும்பும் எனக்கு உடன்பாடு இல்லாத ஒன்று. ஊறி வழுவழுப்பான துண்டை லாப்ரடார் மெல்லாமல் விழுங்கிவிடும், அது வயிற்றுக்குள் மேலும் உப்பும்.

இனி என் கதை. பிரௌனிக்கு ஒன்பது மாதம் ஆனபோது, பல வண்ணப் பருத்தி இழைகளால் முறுக்கி இரு முனையிலும் முடிச்சிட்ட கயிற்றுப் பொம்மை ஒன்றை வாங்கினேன். இழுத்து விளையாடுவதற்கு மிக நல்ல பொருள் அது. இன்றும் எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது. நான் செய்த பிழை, அலுவலகம் போகும்போது அதை அதனிடமே விட்டுவிட்டுப் போனதுதான். அது நாள் முழுவதும் படுத்துக்கொண்டு இழை இழையாக உருவித் தின்றிருக்கிறது. மூன்றாம் நாள் வாந்தி தொடங்கியது. உயிரே போனாலும் சாப்பாட்டை மறுக்காத நாய் தட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. எக்ஸ்ரேயில் நூல் தெளிவாகத் தெரியவில்லை. ஸ்கேன் எடுத்தபோது குடல் மடிப்பு மடிப்பாகக் குவிந்திருந்தது தெரிந்தது. நூலின் ஒரு முனை இரைப்பையின் வாயிலில் சிக்கிக்கொண்டால், குடல் தன் இயல்பான அசைவால் மறுமுனையைத் தள்ளத் தள்ள, பாவாடை நாடாவை இழுக்கும்போது துணி சுருங்குவதைப் போல, நூலின் மேலேயே சுருங்கிக் குவிந்துவிடும் என்று மருத்துவர் விளக்கினார். இறுகிய நூல் குடலை அறுத்தும் விடக்கூடுமாம். நாயின் ஆசனவாயில் நூல் தொங்குவதைக் கண்டால் ஒருபோதும் பிடித்து இழுக்கக் கூடாது, அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும் என்று அன்று அவர் சொன்னதை இப்போது நான் நாய் வளர்ப்போர் எல்லோரிடமும் சொல்கிறேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பொம்மைகளுக்கு இரண்டு கூடைகள். ஒன்றில் இருப்பவை நாங்கள் உடனிருந்தால் மட்டுமே வெளியே வரும்: கயிறு, பஞ்சுப் பொம்மை, கீச்சென்று கத்தும் பொம்மை, பந்து. மற்றொன்றில் இருப்பவை தனியாக இருக்கும் நேரத்துக்கு உரியவை. அந்தக் கூடையில் பொருள்கள் மிகக் குறைவு. கடையில் ஒரு பொம்மையைக் கையில் எடுக்கும்போது இது எந்தக் கூடைக்குப் போகும் என்று கேட்டுக்கொண்டாலே பாதித் தேர்வு முடிந்துவிடும்.

நான்கைந்து மணி நேரம் தனியாக இருக்கும் உங்கள் குட்டிக்கு உள்ளே உணவு அடைக்கும் ரப்பர்ப் பொம்மைதான் முதல் தேவை. இவற்றில் புகழ்பெற்ற காங் என்பது 1970களில் அமெரிக்காவின் கொலராடோவில் பிறந்தது. ஜோ மார்க்கம் என்பவரின் ஜெர்மன் ஷெப்பர்டு நாய் ஃபிரிட்ஸ் கற்களைக் கடித்துப் பற்களைத் தேய்த்துக்கொண்டிருந்ததாம். அவர் ஃபோக்ஸ்வாகன் வண்டி ஒன்றைப் பழுது பார்த்துக்கொண்டு தூக்கிப் போட்ட ரப்பர்ப் பாகத்தை அது பிடித்துக்கொண்டதிலிருந்துதான் அந்த மூன்றடுக்குக் கூம்பு வடிவம் வந்தது. குட்டிகளுக்கு மெல்லிய ரப்பரிலும், வளர்ந்தவற்றுக்குச் சிவப்பிலும், பலமாகக் கடிப்பவற்றுக்குக் கறுப்பிலும் அது கிடைக்கிறது. விலை சற்று அதிகம்தான். எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் பருவத்துக்கேற்ற மென்மையும், இரு பக்கமும் துளையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் துளையுள்ள பொருளில் நாக்கு நுழைந்தால் உள்ளே காற்று வெற்றிடம் ஏற்பட்டு நாக்கு சிக்கிக்கொள்ளும்.

அதற்குள் என்ன அடைப்பது என்பதில் நம் சமையலறையே போதும். உப்பும் தாளிப்பும் இல்லாத தயிர்சாதம், வேக வைத்த பரங்கிக்காய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, மசித்த முட்டை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை அடைத்து இரவே உறைய வைத்துவிட்டால், மறுநாள் அதை நக்கித் தீர்க்கப் பிரௌனிக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது, பிறகு தூங்கிவிடுகிறது. வெங்காயம், பூண்டு, உலர் திராட்சை, சாக்லேட் எதுவும் சேரக் கூடாது. வேர்க்கடலை வெண்ணெய் வாங்கினால் சைலிட்டால் என்ற இனிப்பு அதில் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். அது மிகச் சிறிய அளவிலேயே நாயின் இரத்தச் சர்க்கரையை அபாயகரமாக இறக்கிவிடும். அடைக்கும் உணவை அன்றைய சாப்பாட்டிலிருந்து கழித்துவிடவும் வேண்டும். லாப்ரடாரின் பெரும்பசிக்கு உடற்காரணமே உண்டு: கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாரிடம் பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு பகுதி விடுபட்டிருக்கிறது. அந்த நாய்களுக்கு உணவில் நாட்டமும் உடல் எடையும் கூடுதலாக இருக்கின்றன. பிரௌனியின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வு நினைவுக்கு வரும்.

பணம் செலவழியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பயன்படாமல் கிடந்த இரும்புப் பணியாரக் கல்தான் இரண்டு நாய்களும் மிக விரும்பும் விளையாட்டுப் பொருள். குழிகளில் நாலைந்து துண்டு உலர் தீவனத்தைப் போட்டு, விழுங்க முடியாத அளவுள்ள பந்துகளைச் சில குழிகளின் மேல் வைத்துவிடுவோம். எதன் கீழே உணவு இருக்கிறது என்று மோந்து பார்த்து, மூக்கால் பந்தைத் தள்ளி எடுக்க வேண்டும். கனமான கல் என்பதால் கவிழ்த்துப் போட முடியாது. பத்து நிமிடம் மோப்பம் பிடித்தபின் வரும் களைப்பு, அரை மணி நேரம் தெருவில் நடந்தபின்கூட வருவதில்லை என்பது என் அனுபவம்.

எல்லா நாய்க்கும் ஒரே பொம்மை பொருந்தாது என்பதை வேங்கை எனக்குக் கற்றுக்கொடுத்தது. லாப்ரடார், வேட்டையில் விழுந்த பறவையை வாயில் கவ்விக் கொண்டுவர வளர்க்கப்பட்ட இனம். அதன் வாய்க்கு எப்போதும் ஏதாவது வேலை வேண்டும். சிப்பிப்பாறையோ கண்ணால் கண்டு துரத்தும் இனம். நம் தென்மாவட்டங்களின் கரிசல் காட்டில் முயலின் பின்னால் ஓடிய நாய். வேங்கைக்கு ரப்பர்ப் பொம்மையைக் கொடுத்தால் மரியாதைக்கு ஒருமுறை மோந்துவிட்டுப் போய்விடும். ஒரு மூங்கில் கழியின் முனையில் கயிறு கட்டி, அதில் கிழிந்த துணியைத் தொங்கவிட்டுத் தரையில் வட்டமாக இழுத்தால் வேறு நாயாகிவிடும். உங்கள் குட்டியும் இதை விரும்பலாம். ஆனால் பெரிய இன நாய்களின் எலும்பு வளர்ச்சி முனைகள் மூட ஓர் ஆண்டுக்கு மேலாகும் என்பதால், அதுவரை துள்ளிக் குதிக்க விடாமல் தரையோடு தரையாக இழுங்கள். கோடையில் இதைக் காலை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும். மூச்சிரைப்பதைத் தவிர நாய்க்கு வெப்பத்தைத் தணித்துக்கொள்ள வேறு வழி மிகக் குறைவு.

பந்துகளைப் பற்றி ஓரிரு செய்திகள். தெருவில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் டென்னிஸ் பந்தை நாய்க்குக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அதன் மேலுள்ள கம்பளித் துணியில் மண் ஒட்டிக்கொண்டால் அது உப்புத்தாளைப் போலப் பல்லைத் தேய்க்கும். அதன் குறுக்களவு ஏறத்தாழ 6.7 சென்டிமீட்டர்; வளர்ந்த லாப்ரடாரின் தொண்டையை அடைக்க அது போதும். கிரிக்கெட் பந்தைவிடப் பெரிய, மேற்பரப்பு வழுவழுப்பான ரப்பர்ப் பந்தை வாங்குங்கள். நீலமோ மஞ்சளோ வாங்குவது நல்லது, ஏனென்றால் நாயின் கண் அவ்விரு நிறங்களையே தெளிவாகப் பிரித்தறியும். புல்தரையில் சிவப்புப் பந்து அதற்கு எளிதில் தெரியாது. குச்சியை எறிந்து எடுக்கச் சொல்லாதீர்கள், ஓடிப்போய்க் கவ்வும்போது தொண்டையில் குத்தி விடும்.

பஞ்சுப் பொம்மையைக் குதறுவது குற்றமன்று. இரையைக் கிழிக்கும் இயல்பு அது. அந்த ஆசைக்கு விலையுயர்ந்த பொம்மை எதற்கு? ஆணியும் ஒட்டுநாடாவும் நீக்கிய அட்டைப்பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டு அருகில் உட்காருங்கள். கிழித்து எறியட்டும், தின்னத் தொடங்கினால் எடுத்துவிடுங்கள். பஞ்சுப் பொம்மை கொடுத்தே ஆக வேண்டுமென்றால் பிளாஸ்டிக் கண்ணையும் மூக்கையும் முன்பே வெட்டி எடுத்துவிடுங்கள். உள்ளேயிருக்கும் பீப்பி வெளியே வந்த நொடியில் அது குப்பைக்கூடைக்குப் போக வேண்டும். பழைய செருப்பை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பழைய செருப்புக்கும் நேற்று வாங்கிய செருப்புக்கும் உள்ள வேறுபாடு நமக்குத்தான் தெரியும்.

பெட்டியின் மேல் நச்சற்றது என்று அச்சிட்டிருப்பதை நான் அதிகம் நம்புவதில்லை. இந்தியாவில் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டது; ஆனால் அந்த ஆணை 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளைப் பற்றியது. ஆகவே நாய்ப் பொம்மையை நம் மூக்கால்தான் சோதிக்க வேண்டும்: பெட்ரோல் போன்ற நெடி அடித்தாலோ, ஈரத் துணியால் துடைக்கும்போது சாயம் ஒட்டினாலோ நான் வாங்குவதில்லை.

எத்தனை வாங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். ஆறு அல்லது ஏழு போதும். அவற்றில் இரண்டை மட்டும் வெளியே வைத்து, மற்றவற்றைக் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிடுங்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பொம்மையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் நாய்கள் விரைவில் சலித்துவிடுவதையும், வேறொன்றைக் கொடுத்ததும் ஆர்வம் திரும்பிவிடுவதையும் கண்டார்கள். நான் ஞாயிறுதோறும் எல்லாவற்றையும் கழுவி மாடியில் வெயிலில் காயவைத்து, உள்ளே இருந்தவற்றை வெளியேயும் வெளியே இருந்தவற்றை உள்ளேயும் மாற்றிவிடுகிறேன். மாடியிலிருந்து இறங்கும் என்னைப் படிக்கட்டிலேயே மறித்துக்கொண்டு, மூன்று வாரங்களுக்கு முன் பார்த்த அதே நீலப் பந்துக்காகப் பிரௌனி வாலை ஆட்டுகிறது. வேங்கை மட்டும் கழி எங்கே என்று என் மற்றொரு கையைப் பார்க்கும்.