நிறத்தை வைத்து இறகு நட்சத்திரத்தின் இனத்தைச் சொல்ல முடியுமா?

அந்தமானில் இறகு நட்சத்திரங்களை (நட்சத்திர மீனுக்கு உறவான, இறகுபோன்ற கைகள் கொண்ட கடல் பிராணி) கறுப்பாக ஒன்று, மஞ்சளாக ஒன்று படமெடுத்திருக்கிறீர்கள். இரண்டும் வேறு இனங்கள்தானே என்று கேட்கிறீர்கள். படத்தை மட்டும் வைத்து ஆமென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது. நிறத்தை நம்பி அவமானப்பட்டவன் என்பதால் எழுதுகிறேன்.

முதுகலைத் திட்டப்பணிக்காக ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் கரையில் இவற்றைச் சேகரித்தேன். (அனுமதி வாங்கினாயா என்று யாராவது வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: எல்லாம் நண்டு வலையில் சிக்கி, மீனவர்கள் உதறிப் போட்டவை.) கறுப்பு, பழுப்பு, மஞ்சள், வரிபோட்டது என நான்கு பாட்டில்களில் ஸ்பிரிட் ஊற்றிப் போட்டு, நான்கு இனங்கள் என்று வெளியே மையால் எழுதி ஒட்டினேன். மறுநாள் ஸ்பிரிட் தேநீர் நிறத்தில் இருந்தது. உள்ளே எல்லாம் ஒரே மங்கல். கசிந்த ஸ்பிரிட்டில் மையும் அழிந்திருந்தது. "இதில் எது எது?" என்று வழிகாட்டி கேட்டபோது நான் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பிறகு அவற்றின் கைகளை எண்ணினேன். கையைப் பிடித்து இழுத்தால் பல்லி வால்போல் கழற்றிவிடும் பிராணி. ஆனால் அடிக்கட்டை மிஞ்சும், அதை எண்ணலாம். நான்கு பாட்டில்களிலும் பத்துப் பத்துதான். பத்துக் கைகள் கோமட்டுலிடே என்ற இறகு நட்சத்திரக் குடும்பத்திலும் உண்டு என்பதால் அது மட்டும் போதாது. அந்தக் குடும்பத்தில் வாயருகே உள்ள சிற்றிறகுகளின் (கையிலிருந்து கிளைக்கும் சிறு இழைகள்) நுனியில் சீப்புப் பற்கள் இருக்கும். வாயும் பெரும்பாலும் நடுவில் இராமல் ஓரத்துக்கு ஒதுங்கியிருக்கும். என்னிடம் இருந்தவற்றில் சீப்பும் இல்லை, வாயும் நடுவில். நான்கும் டிரோபியோமெட்ரா கரினாட்டா என்ற ஒரே இனம்.

அந்தச் சீப்பைத் தேட நுண்ணோக்கி வேண்டும். எங்கள் கல்லூரியில் நல்ல நுண்ணோக்கி ஒன்று இருந்தது, பீரோவுக்குள். கல்லூரியைப் பார்வையிட ஆய்வுக் குழு வரும் நாளில் மட்டும் மேஜைக்கு வரும், மாலையே உள்ளே போய்விடும். நான் கடிகாரக் கடைக்காரரிடம் கண்லென்ஸ் இரவல் வாங்கிப் பார்த்தேன். இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

டி.என்.ஏ. இருக்கும்போது கையை எண்ணுவானேன் என்று சிலர் கேட்பார்கள். நியாயம்தான். 2014-ல் கோமட்டுலிடேயை டி.என்.ஏ. கொண்டு மறுவகைப்படுத்தியபோது, நம்பிக்கொண்டிருந்த சில உடலடையாளங்கள் உறவைக் காட்டவில்லை என்று தெரிந்தது. அமெரிக்க விலங்கியலாளர் ஆஸ்டின் ஹோபர்ட் கிளார்க் 1912-ல் இந்தியப் பெருங்கடல் இனங்களைப் பற்றி எழுதிய நூலைத் திறந்தால் பல பெயர்கள் இன்று மாறியிருக்கும். ஆனாலும் படகில் உட்கார்ந்திருப்பவரிடம் இருப்பது கண்தான்.

அடுத்த முறை இறங்கும்போது, வாய்த்தட்டை (வாய் இருக்கும் நடுத்தட்டு) நேர் மேலிருந்து நெருங்கி ஒரு படமும், பவளத்தைப் பற்றியிருக்கும் அடிக்கால்களைப் பக்கவாட்டில் ஒரு படமும் எடுங்கள். கையால் தொட வேண்டாம். அதுவரை இரண்டு படங்களின் கீழும் 'இறகு நட்சத்திரம்' என்று மட்டும் எழுதி வையுங்கள்.