பிங் கிராஸ்பியின் 'ஹாலிடே இன்' ஆல்பம்: அட்டையை விடுங்கள், தட்டைப் பாருங்கள்

கேள்வி: அமெரிக்காவில் மகள் வீட்டில் தங்கியிருக்கிறேன். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுச் சாமான்களை விற்றபோது, அமெரிக்கப் பாடகரும் நடிகருமான பிங் கிராஸ்பி பாடிய 'ஹாலிடே இன்' படப் பாடல்களின் பழைய ஆல்பம் கிடைத்தது. டெக்கா கம்பெனி. புத்தகம் போல அட்டை, உள்ளே ஆறு தட்டுகள். இது 1942ல் வந்த அசல்தானா? படத்தில் கேட்ட அதே பாட்டுதான் இதில் இருக்குமா? மகளிடம் பெட்டி போல மடக்கும் பிளேயர் இருக்கிறது, 78 வேகமும் (நிமிடத்துக்கு 78 சுற்று) உண்டு. அதில் போடலாமா? அழுக்கை ஸ்பிரிட்டால் துடைக்கலாமா? ஊருக்குப் பத்திரமாகக் கொண்டுவர என்ன வழி?

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறோம். ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம். முள்ளை மாற்றாமல் அந்தப் பிளேயரில் தட்டை வைக்கவும் வேண்டாம். மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

பல பாட்டுகள் அடங்கும் வினைல் தட்டான எல்.பி. வருவதற்கு முன்னால் 'ஆல்பம்' என்றால் நிஜமாகவே ஆல்பம்தான். கெட்டி அட்டைக்குள் காகித உறைகளை வைத்துத் தைத்து, உறைக்கு ஒன்றாக 10 அங்குலத் தட்டுகளைச் செருகி விற்றார்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், ஒரே பாட்டு. கிராஸ்பி 1934ல் பிரன்ஸ்விக்கிலிருந்து டெக்காவுக்கு வந்தபோது அந்தக் கம்பெனி தட்டு ஒன்றை 35 சென்ட்டுக்கு விற்றுக்கொண்டிருந்தது. முப்பதுகளில் அவருடைய படப் பாடல்கள் பெரும்பாலும் தனித்தனித் தட்டுகளாகவே வந்தன. ஒரு படத்தின் பாடல்களை மொத்தமாகத் தொகுத்து ஆல்பமாக விற்பது நாற்பதுகளில்தான் சூடுபிடித்தது. உங்கள் கையில் இருப்பது அந்த வரிசையின் ஆரம்பகால ஆல்பம். 'கோயிங் மை வே' மூன்று தட்டு, 'தி பெல்ஸ் ஆஃப் செயின்ட் மேரிஸ்' இரண்டு தட்டு, 'புளூ ஸ்கைஸ்' எல்லாம் இதற்குப் பிறகு வந்தவை.

இது படத்தின் ஒலித்தடத்திலிருந்து எடுத்ததல்ல. படத்துக்காகப் பாடியது பாரமவுண்ட் ஸ்டூடியோவில். தட்டுக்காக 1942 மே, ஜூன் மாதங்களில் லாஸ் ஏஞ்சல்ஸில் டெக்காவுக்குத் தனியாகப் பாடினார்கள். படத்தின் ஒலித்தடத்தையே தட்டாக வெளியிடுவது அப்போது அரிது, எம்.ஜி.எம். 1947ல் அதைச் செய்தது. நம் ஊர் பேசும்படங்களின் தொடக்க காலத்திலும் தட்டுக்குத் தனியாகப் பாடும் வழக்கம் இருந்தது, அதனால் உங்களுக்கு இது புதிதாக இருக்காது.

வித்தியாசம் காதுக்கு உடனே தெரியும். படத்தில் 'ஒயிட் கிறிஸ்துமஸ்' பாடும்போது கிராஸ்பி பியானோ முன் உட்கார்ந்து, புகைக்குழாயால் கிறிஸ்துமஸ் மரத்து மணிகளைத் தட்டுவார். கூடவே நாயகி மார்ஜரி ரெனால்ட்ஸ் பாடுவதாகக் காட்டுவார்கள். அவருக்குக் குரல் கொடுத்தவர் மார்த்தா மியர்ஸ். தட்டில் அந்தப் பெண்குரல் இல்லை. ஜான் ஸ்காட் டிராட்டர் குழுவின் வாத்தியமும் கென் டார்பி குழுவின் கோரஸும்தான். நடுவில் கிராஸ்பி சீட்டியடிப்பது கேட்கும். இன்னொன்று, பன்னிரண்டு பக்கமும் கிராஸ்பி இல்லை. 'யூ ஆர் ஈஸி டு டான்ஸ் வித்', 'ஐ கான்ட் டெல் எ லை' இரண்டையும் படத்தில் உடன் நடித்த பிரெட் அஸ்டயர் தனியாகப் பாடியிருக்கிறார். 'ஐல் கேப்சர் யுவர் ஹார்ட்' பாட்டில் இருவரோடும் மார்கரெட் லென்ஹார்ட் சேர்ந்துகொள்கிறார். எல்லாப் பாட்டும் இர்விங் பெர்லின் எழுதி இசையமைத்தவை.

அசலா என்பதற்கு வருவோம். அட்டை ஒரு பை, அவ்வளவுதான். எண்பது வருடத்தில் ஒரு தட்டு உடைந்திருக்கும், வேறொன்றை வாங்கி அந்த உறைக்குள் செருகியிருப்பார்கள். அட்டை 1942, உள்ளே இருப்பது 1948 என்று கலந்து கிடைப்பது சகஜம். அதனால் ஆறு லேபிள்களையும் வரிசையாகப் பாருங்கள். ஆல்பம் எண் 306. தட்டுகள் 18424 முதல் 18429 வரை தொடர்ச்சியாக இருக்க வேண்டும். கடைசித் தட்டு 18429: ஒரு பக்கம் 'ஒயிட் கிறிஸ்துமஸ்', மறுபக்கம் 'லெட்ஸ் ஸ்டார்ட் தி நியூ இயர் ரைட்'. அந்த இடத்தில் 23778 இருந்தால் அது சில வருடம் கழித்து வந்த தட்டு.

எண் சரியாக இருந்தாலும் அதோடு நிறுத்திவிடாதீர்கள், ஏனென்றால் நன்றாக விற்ற எண்ணை வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப அச்சடித்தார்கள். பாட்டு முடிந்த பிறகு லேபிளைச் சுற்றி வழவழப்பாக ஒரு வளையம் இருக்கும். அங்கே அச்சுத் தகட்டின் எண் பொறித்திருக்கும். இதைத்தான் மேட்ரிக்ஸ் எண் என்கிறோம். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் படிக்கலாம். 1942 மே 29 அன்று பதிவான 'ஒயிட் கிறிஸ்துமஸ்' என்றால் அது 'எல் 3009' என்று தொடங்கும். 'எல்' லாஸ் ஏஞ்சல்ஸைக் குறிக்கிறது. டெக்காவின் லேபிளிலும் இந்த எண்ணைச் சிறிதாக அடைப்புக்குறிக்குள் அச்சிட்டிருப்பார்கள்.

இவ்வளவு மெனக்கெடக் காரணம் உண்டு. அளவுக்கு மீறி அச்சடித்ததில் அந்த மூலத் தகடு தேய்ந்துபோனது. 1947 மார்ச்சில் அதே டிராட்டர், அதே கோரஸை வைத்து, கிராஸ்பி அந்தப் பாட்டை மறுபடி பாடினார். இன்று டிசம்பர் வந்தால் கடைகளில் ஒலிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது பதிவுதான். அடையாளம் ஆரம்பத்திலேயே இருக்கிறது: 1947 பதிவில் புல்லாங்குழல்களும் செலெஸ்டா என்ற சிறிய பியானோ போன்ற வாத்தியத்தின் மணியொலியும் முன்னிசையைப் பளிச்சென்று ஆக்கும். 1942 பதிவு அதைவிட அடக்கமாகத் தொடங்கும். எங்கள் காதுக்குப் பழையதே மேல். குரலில் அவசரமே இல்லை.

தட்டு கரகரவென்று சத்தம் போட்டால் மறுபதிப்பு என்று முடிவு கட்டாதீர்கள். தலைகீழாகவும் இருக்கலாம். இந்தத் தட்டுகளில் பிசின் அரக்குதான், அதில் பெரும்பங்கு இந்தியக் காடுகளிலிருந்து கல்கத்தா வழியாகப் போனது. போர் வந்ததும் 1942 ஏப்ரலில் இசைத்தட்டுக்கான அரக்கை அமெரிக்க அரசு கடுமையாக வெட்டியது. கம்பெனிகள் பழைய தட்டுகளை வாங்கி அரைத்துக் கலந்தன. போர்க்கால அச்சுகளில் இரைச்சல் அதிகமாக இருப்பது இதனால்தான். போர் முடிந்தபின் வந்த அச்சு சுத்தமாகக் கேட்பதும் உண்டு.

விலையைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறோம். இது அபூர்வப் பொருள் அல்ல. ஏராளமாக விற்றது, இன்னும் வீட்டுக்கு வீடு கிடக்கிறது. முழு வரிசையும் அசல் மேட்ரிக்ஸும் கிழியாத அட்டையும் சேர்ந்து அமைந்தால் சேகரிப்பவர்களுக்குச் சந்தோஷம், பெரிய பணம் எதிர்பார்க்க வேண்டாம்.

அடுத்து விரிசல் சோதனை. ஆல்பத்தை மேஜையில் படுக்கவைத்து, உறையின் வாயை அகட்டி, விளிம்பையும் லேபிளையும் மட்டும் தொட்டுத் தட்டை எடுங்கள். அட்டையைப் பிடித்து ஆல்பத்தைத் தூக்கக் கூடாது. முதுகு கிழிந்து தட்டுகள் கொட்டும். நடுத்துளையில் விரலை நுழைத்துத் தட்டைத் தொங்கவிட்டு, விளிம்பில் நகத்தால் சுண்டுங்கள். நல்ல தட்டு 'ணங்' என்கும். விரிசல் இருந்தால் 'டொக்' என்று செத்த சத்தம் வரும். பிறகு சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்புப் பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்திருந்தால் இரும்பு முள் தின்ற இடம் அது. எவ்வளவு கழுவினாலும் அந்த இடம் திரும்பாது.

ஸ்பிரிட் ஏன் கூடாது? மரச்சாமானுக்கு பிரெஞ்சு பாலிஷ் போடும் ஆசாரி அரக்கைக் கரைப்பது ஸ்பிரிட்டில்தான். உங்கள் தட்டும் அதே அரக்கு. துணி பட்ட இடத்தில், பாட்டு பதிந்திருக்கும் மெல்லிய பள்ளத்தின் சுவர் இளகிவிடும். ஆல்கஹால் கலந்த வினைல் சுத்திகரிப்புத் திரவங்களுக்கும் இதே கதி. ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த தண்ணீரில் வாசனை சேர்க்காத பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டு போதும். முதலில் மெல்லிய பிரஷ்ஷால் உலர்ந்த தூசியைத் தட்டுங்கள். பூஞ்சை இருந்தால் வீட்டுக்கு வெளியே வைத்துத் தட்டுங்கள். பிறகு பிரஷ்ஷை நனைத்துப் பள்ளம் போகும் போக்கில் வட்டமாகத் தேயுங்கள், குறுக்கே வேண்டாம். லேபிளில் தண்ணீர் படக்கூடாது. சோப்பு இல்லாத காய்ச்சி வடித்த தண்ணீரால் இன்னொரு முறை துடைத்து, பஞ்சு உதிராத துணியால் ஒற்றி, நிழலில் நிமிர்த்தி உலர வையுங்கள். ஊறவைக்கக் கூடாது: அரக்கோடு கல்மாவும் நார்த்தூளும் கலந்திருப்பதால், விளிம்பிலும் விரிசலிலும் ஈரம் ஏறினால் உப்பும். வெந்நீர், ஹேர் டிரையர் இரண்டும் தட்டை வளைத்துவிடும். காய்ந்த தட்டைப் பழைய உறையிலேயே செருகினால் அதிலிருக்கும் மண்ணும் தூசியும் திரும்ப ஏறும். அமிலம் இல்லாத காகித உறை வாங்கி அதில் வையுங்கள், ஆல்பத்தைக் காலியாகத் தனியே காப்பாற்றுங்கள்.

இனி பிளேயர். 78 என்று பொத்தான் இருப்பது வேகத்துக்கு மட்டும். அந்தப் பெட்டிப் பிளேயர்களில் பெரும்பாலும் எல்.பி. முள்தான் இருக்கும், அதன் நுனி ஆரம் 0.7 மில் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), ஏறக்குறைய 18 மைக்ரான். 78 தட்டின் பள்ளம் மிக அகலம். அதற்கு வேண்டியது 3 மில், சுமார் 76 மைக்ரான். சின்ன முள் பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்து, அங்கே சேர்ந்த தூளை உழுதுகொண்டு போகும். பாட்டு சன்னமாகவும் கரகரப்பு பெரிதாகவும் கேட்கும், முள்ளும் கெடும். பலர் 'தட்டு தேய்ந்துவிட்டது' என்று ஒதுக்கிவைப்பது இதைக் கேட்டுத்தான். அந்த மாடலுக்கு 78க்கான 3 மில் முள் தனியாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். நல்ல டர்ன்டேபிள் என்றால் மேக்னட் கார்ட்ரிட்ஜில் (முள்ளைத் தாங்கும் பகுதி) 78 முள் பொருத்தி, தயாரிப்பாளர் சொல்லும் எடையை வையுங்கள். பொதுவாக 3 முதல் 5 கிராம். எடையைக் குறைத்தால் தட்டுக்கு நல்லது என்று நினைக்க வேண்டாம், முள் துள்ளித் துள்ளி சுவரை இடிக்கும். சாவி கொடுக்கும் கிராமபோனில் இந்த ஆல்பத்தைப் போடாமல் இருப்பதே நல்லது. முள்ளைப் பிடித்திருக்கும் சவுண்ட்பாக்ஸின் கனமும் இரும்பு முள்ளும் சேர்ந்து ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தின்னும். ஆசைக்கு ஒரு பாட்டு என்றால், பக்கத்துக்கு ஒரு புது முள்.

ஒருமுறை நன்றாகப் பதிவு செய்துவிட்டுத் தட்டுக்கு ஓய்வு கொடுங்கள். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், டபிள்யூ.ஏ.வி. கோப்பு, உச்சச் சத்தம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். இடது வலது இரண்டையும் சேர்த்து மோனோ ஆக்கினாலே இரைச்சல் கணிசமாகக் குறையும், ஏனென்றால் பள்ளத்தின் மேல் கீழ் அசைவில் இசை இல்லை, அழுக்குதான் இருக்கிறது. முள்ளிலிருந்து வரும் ஒலியைப் பெருக்கும் இன்றைய ஃபோனோ பெட்டிகள், 1954ல் பொதுவான ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற ஒலிச் சமன்பாட்டுக் கணக்குப்படி உச்ச சுருதியை வெட்டும். இந்தக் காலத்துத் தட்டுக்கு அது அதிகம். குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவது போல இருந்தால் டிரெபிளைக் கொஞ்சம் ஏற்றுங்கள். சொடுக்குச் சத்தங்களை மென்பொருளால் எடுக்கலாம். இரைச்சல் நீக்கத்தை மட்டும் முக்கால்வாசிக்கு மேல் இழுக்காதீர்கள், கிராஸ்பியின் மூச்சும் டிரம் பிரஷ்ஷின் உரசலும் சேர்ந்து போய்விடும். எதுவும் கைவைக்காத முதல் பதிவு ஒன்று தனியாக இருக்கட்டும்.

ஊருக்குக் கொண்டுவர: தட்டுகள் ஆல்பத்துக்குள் இருக்கக் கூடாது. பயணத்தில் தட்டுகள் உடைவது உறைக்குள் ஆடி, முதுகுத் தையலில் மோதித்தான். ஒவ்வொரு தட்டையும் உறையோடு, அதைவிடப் பெரிய இரண்டு நெளி அட்டைகளுக்கு நடுவில் வையுங்கள். அடுத்தடுத்த அட்டைகளின் நெளிவு குறுக்கும் நெடுக்குமாக இருக்கட்டும். ஆறையும் ஆடாத அளவுக்குக் கட்டுங்கள், இறுக்க வேண்டாம். கட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் மெத்தை வரும்படி இன்னொரு பெட்டிக்குள் வையுங்கள். விமானத்தில் கைப்பையாக எடுத்துவருவதே நல்லது, தலைக்கு மேல் உள்ள சாமான் அடுக்கில் நிமிர்த்தி வைக்க இடம் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் பெட்டியை உடனே பிரிக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். பிறகும் படுக்கவைத்து அடுக்காமல் செங்குத்தாக நிறுத்துங்கள். பரண் வேண்டாம், மேல்மாடியின் மேற்குச் சுவரும் வேண்டாம்.