முதலில் எடைமேடை, அப்புறம் ஸ்பிரிங்

கேள்வி: என்னிடம் இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ் இருக்கிறது. பாதி நாள் ஏலத்தோட்டத்துக்கு உரமும் மூட்டையும் ஏற்றுகிறேன். மீதி நாள் நண்பர்களோடு மலைப்பாதைகளில் ஓட்டுகிறேன். முன்னால் இரும்பு பம்பரும் வின்ச்சும் (சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் கருவி) வைத்து, வண்டியை 4 இன்ச் உயர்த்தி, இப்போதுள்ள 245/70 ஆர்16 டயரை மாற்றி 33 இன்ச் டயர் போட ஆசை. ஒரு ஒர்க்‌ஷாப்பில், முன்னால் ஸ்பேசரும் (ஸ்பிரிங்குக்கு மேலே வைக்கும் இடைவளையம்) பின்னால் கூடுதலாக ஒரு ஸ்பிரிங் பட்டையும் போட்டால் போதும் என்கிறார்கள். இன்னொரு இடத்தில், வெளியே தனி ஆயில் டப்பா வைத்த ஷாக் அப்சார்பர் இல்லாமல் ஆகாது என்கிறார்கள். எதை வாங்குவது?
— வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: உங்கள் கடிதத்தில் உயரம் இருக்கிறது, டயர் அளவு இருக்கிறது. வண்டியின் எடை மட்டும் இல்லை. ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டியதே அந்த எடையை வைத்துத்தான். வண்டி எந்நேரமும் எவ்வளவு சுமக்கிறது என்று தெரிந்தால் எந்த ஸ்பிரிங் என்பது தெரிந்துவிடும். உயரம் அதன் கூடவே வரும். உயரத்தை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கு ஸ்பிரிங் தேடினால், காலியாகப் போகும்போது குதிக்கிற, சுமை ஏற்றினால் உட்கார்ந்துவிடுகிற வண்டிதான் கிடைக்கும்.

நானே அப்படி ஒரு வண்டியை ஓட்டியிருக்கிறேன். என் பழைய பிக்கப்பின் பின்பக்கக் கமான் பட்டைக் கட்டில், அதாவது இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங்கில், இன்னும் ஒரு பட்டை சேர்க்கச் சொன்னேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் காலி வண்டியில் கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது, மழை ஈரத்தில் பின்சக்கரம் தரையைப் பிடிக்காமல் துள்ளித் துள்ளி வெளியே விலகியது. பக்கத்தில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரமே அந்தப் பட்டையைக் கழற்றிவிட்டேன்.

உங்கள் வண்டியின் பின்பக்கத்தை எடுத்துக்கொள்வோம். அறுவடை நாட்களில் நல்ல சுமை, மற்ற நாட்களில் ஏறக்குறைய காலி. இப்படி ஏறி இறங்கும் சுமைக்கு எப்போதும் விறைப்பாக நிற்கும் கட்டு சரிப்படாது. நடுத்தரச் சுமைக்கான பட்டைக் கட்டு போதும். அடியில் தடிமனான ஹெல்ப்பர் பட்டை ஒன்று இருக்க வேண்டும். காலியாக இருக்கும்போது அது சும்மா கிடக்கும். மூட்டை ஏறி மேல் பட்டைகள் தாழ்ந்த பிறகுதான் வேலை செய்யும். ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே காற்றுப் பை வைக்கலாம் என்றும் யாராவது சொல்வார்கள். பட்டை ஸ்பிரிங் சுமையைச் சேஸிஸின் இரண்டு முனைகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. காற்றுப் பை அதை நடுவில் ஒரே புள்ளியில் குவிக்கும். நான்கு கதவு பிக்கப்பில் தொட்டியின் பெரும்பகுதி பின் ஆக்ஸிலுக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கிறது. நிறையச் சுமையோடு பள்ளத்தில் விழுந்தால் சேஸிஸ் அந்த இடத்தில் வளையலாம். ஆஸ்திரேலியாவில் பல பிக்கப்புகளுக்கு இது நடந்திருக்கிறது. உங்கள் வேலைக்கு அது வேண்டாம். இன்னொன்று, எந்த ஸ்பிரிங் போட்டாலும் ஆர்சி புத்தகத்தில் உள்ள மொத்த எடை வரம்பு ஒரு கிலோகூட ஏறாது.

முன்பக்கம் வேறு கதை. அங்கே இருப்பது டபுள் விஷ்போன், அதாவது மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு ஆர்ம் சக்கரத்தைப் பிடித்திருக்கும் அமைப்பு. காயில் (சுருள்) ஸ்பிரிங் சக்கரத்திலிருந்து உள்ளே தள்ளி நிற்கிறது. அதனால் மேலே 1 இன்ச் ஸ்பேசர் வைத்தால் சக்கரத்தில் கிட்டத்தட்ட 2 இன்ச் உயர்ந்துவிடும். மலிவாக முடிகிறதே என்று தோன்றும். ஆனால் பள்ளத்தில் சக்கரம் வடிவமைத்ததைவிடக் கீழே தொங்கும். ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டும், சக்கரத்துக்குச் சுழற்சி கொண்டுபோகும் சிவி ஜாயின்ட்டும் தாங்காத கோணத்துக்குப் போகும், மேல் ஆர்ம் காயிலில் இடிக்கும். மேட்டில் ஏறி அமுங்கும்போதோ, பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் தடை தாங்குவதற்கு முன்பே ஷாக் உள்ளுக்குள் முட்டிவிடும். அதோடு அந்த ஸ்பேசர் ஒரு கிலோ சுமையைக்கூடத் தாங்கப் போவதில்லை. பம்பரும் வின்ச்சும் சேர்ந்து 100 கிலோவை ஒட்டி வரும். அதைத் தாங்க அந்த எடைக்கேற்ற காயிலே வேண்டும். காயிலும் ஷாக்கும் ஒரே கம்பெனியின் செட்டாக இருக்கட்டும். ஓல்ட் மேன் ஈமு போன்ற கம்பெனிகள் பம்பர் இல்லாத வண்டிக்கு ஒன்று, பம்பரும் வின்ச்சும் உள்ளதற்கு ஒன்று என்று தனித்தனி எண்ணில் காயில் தருகின்றன. கடையில் அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

உயரம் 40 மி.மீ., மிஞ்சினால் 50. அதற்கு மேல் போனால் காஸ்டர் கோணம் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைந்து, நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் அலைபாயும். அதைச் சரிசெய்ய வேறு மேல் ஆர்ம் வாங்க வேண்டும். 4 இன்ச் என்றால் முன் டிஃபரென்ஷியலை (இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் கியர் குடம்) இறக்க வேண்டும், பிரேக் குழாயை நீட்ட வேண்டும், செலவு நிற்காது. அவ்வளவு செய்தும் பின் டிஃபரென்ஷியல் ஒரு மி.மீ.கூட உயராது, தெரியுமா? அது ஆக்ஸிலோடு இருக்கிறது. பாறையில் இடிக்கும் அந்தக் குடத்தை உயர்த்துவது டயர் மட்டும்தான்.

டயருக்கு வருவோம். உங்கள் டயரின் விட்டம் சுமார் 749 மி.மீ., 33 இன்ச் என்றால் 838. ஆக்ஸில் 44 மி.மீ. உயரும் என்பது உண்மை. ஆனால் கியர் விகிதம் 12 சதவீதம் தளர்ந்துபோகும். மூட்டையோடு ஏற்றத்தில் இஞ்சின் திணறும், இறக்கத்தில் இஞ்சின் பிரேக் பிடிப்பது குறையும். தோட்டப் பாதைக்கு இது நல்லதல்ல. 265/70 ஆர்16 போதும். கல் பாதையில் காலி வண்டியாகப் போகும்போது காற்றை 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கிப் பாருங்கள், நீங்கள் தேடும் சொகுசில் பாதி அதிலேயே கிடைக்கும். தார்ச்சாலைக்கு வந்ததும் மறக்காமல் ஏற்றிவிடுங்கள்.

தனி டப்பா வைத்த ஷாக்? வேகமாக, மணிக்கணக்காக, அலை அலையான மண் சாலையில் ஓடும்போது ஷாக்கில் ஆயில் சூடேறிப் பிடிப்பு போய்விடும். அந்தச் சூட்டைத் தாங்கத்தான் அந்த டப்பா. ராஜஸ்தான் பாலைவனத்தில் ஓட்டுபவருக்கு அது தேவை. மணிக்கு 10, 15 கி.மீ. வேகத்தில் கல் மேல் ஊர்ந்து ஏறும் உங்களுக்கு அந்தச் சூடு வரப்போவதில்லை. இரட்டைக் குழாய் ஷாக்கே நல்லது. கல் பட்டு வெளிக்குழாய் கொஞ்சம் நசுங்கினாலும் உள்ளே பிஸ்டன் ஓடும். ஒற்றைக் குழாயில் பிஸ்டன் அங்கேயே சிக்கிக்கொள்ளும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். சாதாரணப் பட்டையை வைத்துக்கொண்டே தினமும் அந்தப் பாதையில் ஏறி இறங்குகின்றன. ஓட்டுபவரின் நிதானம் அவ்வளவு வேலை செய்கிறது.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் 2019ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும், தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கின்றன. இரும்பு பம்பரையும் உயரத்தையும் பற்றி ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். பம்பர் கூடாது என்றால் காயில் எண்ணும் மாறிவிடும்.

பொருத்தும் நாளில் பக்கத்திலேயே இருங்கள். பட்டைக் கட்டை ஆக்ஸிலோடு பிடிக்கும் யூ போல்ட்டைக் கழற்றினால் அதையே திரும்பப் போட விடாதீர்கள், புதிது வேண்டும். ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. நான்கு சக்கரமும் தரையில் நின்று எடை விழுந்த பிறகுதான் கடைசி இறுக்கு. இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். அப்புறம் வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் மட்டம். 500 கி.மீ. ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி இறுக்குங்கள்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். டீசல் நிரப்பி, காலி வண்டியை எடைமேடையில் நிறுத்தி மொத்த எடை எடுங்கள். பிறகு முன்சக்கரம் மட்டும் மேடையில் நிற்க ஒரு எடை. வழக்கமாக ஏற்றும் மூட்டையோடு அதே இரண்டும் இன்னொரு முறை. பம்பர், வின்ச் எடையைக் கடையில் கேட்டு அதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். எந்தக் காயில், எந்தப் பட்டைக் கட்டு என்று அடுத்த இதழில் சொல்கிறேன்.