அப்பாவின் கையும் நூல் விலையும்

கேள்வி: எங்களுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி. எம்.பி.ஏ. முடித்துவிட்டு இரண்டு வருடமாக அப்பாவுடன் இருக்கிறேன். டையிங் முடிந்து வரும் துணியைத் தொட்டுப் பார்த்து, "இது சரிப்படாது, திருப்பி அனுப்பு" என்கிறார். டெஸ்ட் ரிப்போர்ட்டில் குறையே இருக்காது. நூல் வாங்கும்போதும் "விலை ஏறும்னு மனசுல படுது" என்கிறார். எந்த அளவுக்கு நம்புவது ஐயா?
- வாசகி, திருப்பூர்

பதில்: அம்மணி, துணியில் அப்பாவின் கையை நம்புங்கள். நூல் விலையில் வேண்டாம்.

நான் 31 வருடம் புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்தவன். எங்கள் செக்கிங்கில் ஒரு அக்கா இருந்தார். எட்டாவது வரை படித்தவர். ஒரு நாள் கருநீல ரோலைப் பிரித்ததுமே, "இது துவைச்சாச் சுருங்குமுங்க" என்றார். ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, சரியாகத்தான் இருந்தது. சரி, பார்ப்போம் என்று ஒரு துண்டு வெட்டித் துவைத்துக் காயப் போட்டோம். நீளவாக்கில் 9 சதவீதம் சுருங்கிவிட்டது. பையர் ஒத்துக்கொள்வது 5 வரைக்கும்தான். சாயம் போட்ட பிறகு துணியைச் சீராக்கும் பினிஷிங்கில் அதை இழுத்து ஓட்டியிருந்தார்கள். எப்படித் தெரிந்தது என்று கேட்டால், "கைக்கு இழுபட்ட மாதிரி இருந்துச்சுங்க", அவ்வளவுதான் சொன்னார். அந்தக் கை எத்தனை ஆயிரம் ரோலைத் தொட்டிருக்கும்!

டேனியல் கானமன், கேரி க்ளைன் என்று இரண்டு உளவியல் அறிஞர்கள். தீயணைப்புப் படைத் தலைவர்கள் நொடியில் எடுக்கும் முடிவுகளை ஆராய்ந்து மெச்சியவர் க்ளைன். நிபுணர்களின் உள்ளுணர்வைச் சந்தேகித்தவர் கானமன். இருவரும் சேர்ந்து 2009இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் ஒத்துப்போன இடம் இது: வேலைக்குள் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும், நம் கணிப்பு சரியா தப்பா என்பது திரும்பத் திரும்பத் தெரியவும் வேண்டும். அப்போதுதான் உள்ளுணர்வு தேறும். அடித்துச் சொல்கிறார் என்பதற்காக நம்பிவிட முடியாது.

துணி அப்படிப்பட்டது. துவைத்தால் மறுநாளே பதில் சொல்லிவிடும். நூல் விலை பருத்தி வரத்து, டாலர், அரசாங்க உத்தரவு என்று எதெதையோ பிடித்துக்கொண்டு ஆடும். ஒருமுறை, விலை ஏறும் என்று நான் அடித்துச் சொன்னதால் முதலாளி மூன்று மாத நூலை வாங்கிப் போட்டார். விலை இறங்கியது. அந்த மாதம் சம்பளம் பத்து நாள் தள்ளிப்போனது. ஸ்கூல் பீஸ் கட்ட வேண்டும் என்று என் டேபிள் முன்னால் நின்றவர்களை நான் இன்னும் மறக்கவில்லை.

அதனால் கையில் இருக்கும் ஆர்டருக்கு மட்டும் நூல் வாங்கச் சொல்லி அப்பாவிடம் பேசுங்கள். அவர் ஒரு ரோலை ஒதுக்கினால் ரிப்போர்ட்டை நீட்டாதீர்கள். பக்கத்தில் நின்று, "எந்த இடத்துல இடிக்குதுங்கப்பா?" என்று கேளுங்கள். நீங்களும் தொட்டுப் பாருங்கள். அப்புறம் ஒரு துண்டு வெட்டித் துவையுங்கள்.