பீரோவுக்குள்ள இருக்கிற கண்ணாடி

கேள்வி: என் பொண்ணுக்கு 6 வயசு. வலது கண்ல பவரே இல்ல, இடது கண்ல மைனஸ் 11. சோம்பேறிக் கண்ணுன்னு சொல்லி கண்ணாடியும், நல்ல கண்ணை மூடற பேட்சும் குடுத்தாங்க, அவ போடவே மாட்டேங்குறா. ஒரு விசேஷத்துக்குப் போறப்ப கழட்டினது, இப்ப பீரோல பத்திரமா இருக்கு. கண்ணுக்குள்ளயே லென்ஸ் வைக்கிற ஆபரேஷன் இருக்காமே, பண்ணிடலாமா? பயமாவும் இருக்கு.

பதில்: ஆபரேஷன் இருக்கட்டும், முதல்ல அந்த பீரோவுக்கு வருவோம். அவ போட மாட்டேங்குறான்னு எழுதிட்டு அடுத்த வரிலயே கண்ணாடி பீரோல பத்திரமா இருக்குங்கறீங்க. 6 வயசுக் குழந்தையா பீரோவைப் பூட்டுச்சு? கழட்டினது யாருன்னு நீங்க எழுதல, எழுதவும் வேணாம், இந்த மாதிரி லெட்டர் எத்தனையோ படிச்சாச்சு. நாலு பேர் கூடுற இடத்துல பொட்டப்புள்ள சோடாபுட்டியோட நிக்கிறான்னு யாரும் சொல்லிடக் கூடாது, அதானே? அன்னிக்கே அவளுக்குப் புரிஞ்சிருக்கும், இது அம்மாவுக்கு அசிங்கமான சாமான்னு. அப்புறம் எப்படிப் போடுவா?

நீங்க கேக்கறது ஊருக்குத் தெரியாத கண்ணாடி. அதுக்குப் போய் குழந்தைக்கு மயக்க மருந்து குடுக்கணுமா?

நீங்க கேக்கற அந்த லென்ஸ் ஐரிஸுக்கு, அதான் கண்ல நிறமாத் தெரியற வளையத்துக்குப் பின்னாடி, கண்ணோட சொந்த லென்ஸுக்கு முன்னாடி உக்காரும், வேணும்னா எடுத்துடவும் முடியும். அமெரிக்காவுல 2005ல அனுமதி குடுத்தது 21லருந்து 45 வயசு வரைக்கும்தான். குழந்தைங்களுக்கு வைக்கிறாங்க, இல்லங்கல, ஆனா யாருக்கு? ஆட்டிசம், மூளை வாதம்னு இருந்து, முகத்துல எது பட்டாலும் பிடுங்கி எறியற பிள்ளைங்க, கான்டாக்ட் லென்ஸும் ஒத்துக்காத பிள்ளைங்க, அந்த அம்மாக்கள் எல்லாத்தையும் முயற்சி பண்ணித் தோத்துட்டு அங்க வந்து நிக்கறாங்க. நீங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்லையேம்மா. சின்னப் பிள்ளை கண்ணைக் கசக்கிட்டே இருக்கும், கண்ணுக்கு முன்னாடி கண்ணாடி மாதிரி இருக்கிற கார்னியாவுக்கு உள்பக்கம் இருக்கிற செல் போச்சுன்னா திரும்ப முளைக்காது, புரை வரலாம், கண் பிரஷர் ஏறலாம், வருஷக்கணக்கா செக்கப் போகணும். இவ்வளவு பெரிய பவர்ல கண்ணோட பின்பக்கத் திரையான ரெட்டினா கிழியற ஆபத்து லென்ஸ் வச்சாலும் அப்படியேதான் இருக்கும்.

முக்கியமா இதைக் கேளுங்க, லென்ஸ் வச்ச மறுநாளும் வலது கண்ல பேட்ச் ஒட்டித்தான் ஆகணும். இடது கண் காட்டறதை மூளை இத்தனை நாள் ஒதுக்கித் தள்ளிட்டு இருக்கு, பார்க்கப் பழக்கணும், அது ஆபரேஷன் தியேட்டர்ல நடக்கற வேலை இல்ல, உங்க வீட்ல தினமும் அவ அழுதாலும் பக்கத்துல உக்காந்து நடத்தற வேலை. அவ அப்பாவும் உக்காரணும், அவரைப் பத்தி லெட்டர்ல ஒரு வார்த்தை காணோம். 7 வயசுக்குள்ள பேட்ச் நல்லாப் பிடிக்கும், அதுக்கு மேலயும் பலன் உண்டு, ஆனா குறைஞ்சிட்டே போகும். பீரோல தூங்கினது கண்ணாடி மட்டும் இல்ல.

இந்த வாரமே டாக்டர்கிட்ட போங்க, எத்தனை மாசம் போடலைங்கறதை மறைக்காம சொல்லுங்க. பவர் மாறியிருக்கும். ஒரு கண்ல மட்டும் இவ்வளவு பவர்னா கண்ணாடில ரெண்டு கண்ணுக்கும் உருவம் வேற வேற சைஸ்ல தெரியும், அவ போட மாட்டேன்னதுக்கு அதுவும் காரணமா இருக்கலாம், அதனால கான்டாக்ட் லென்ஸ் சரிப்படுமான்னு கேளுங்க. அதையும் உண்மையாப் பழக்கிப் பார்த்து முடியலன்னா அப்ப ஆபரேஷன் பேசலாம், அப்ப நானே தைரியம் சொல்றேன்.

அடுத்த விசேஷத்துக்கு டாக்டர் எதைக் குடுத்தாலும் அதோடயே கூட்டிட்டுப் போங்க. யாராவது என்னன்னு கேட்டா பதில் நீங்க சொல்லுங்க, குழந்தையைச் சொல்ல வைக்காதீங்க.